50,000 டாலரில் வாங்கிய 21 ஓவியங்கள்

பணமுடை வந்த நிறுவனத்துக்கு இரண்டு வழிகள்தான் உண்டு. சொத்தை விற்பது ஒன்று, ஆளைக் குறைப்பது மற்றொன்று. கணக்குப் பிரிவில் முப்பது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்து எழுந்தவன் நான். மூன்றாவது வழி என்று யாராவது கோப்பு அனுப்பினால், அதைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இந்த இரண்டில் ஒன்றுதான் இருக்கும்.

2009-ஆம் வருஷம் ஓவியக்கூடங்களின் உலகில் இந்த இரண்டு வழிகளும் பக்கம் பக்கமாக நடந்து காட்டின. ஒன்று அமெரிக்காவில், மற்றது பிரான்சில். நம் ஊரில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்த என் வயதுக்காரர்களுக்கு இரண்டாவது கதை செய்தியாகக் காதில் விழுந்திருக்கும். முதல் கதை அதிகம் பேருக்குத் தெரியாது. அதை முதலில் சொல்கிறேன்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பாஸ்டனுக்குப் பக்கத்தில் வால்தம் என்று ஓர் ஊர். அங்கே பிராண்டைஸ் பல்கலைக்கழகம் 1948-ல் தொடங்கியது. பெரிய பல்கலைக்கழகங்கள் யூத மாணவர்களுக்குக் கணக்குப் பார்த்து இடம் கொடுத்த காலம் அது. யூத சமூகத்தார் காசு சேர்த்து, எல்லா மதத்தாரும் படிக்கும்படி இதைத் தொடங்கினார்கள். 1961-ல் எட்வர்ட் ரோஸ், பெர்த்தா ரோஸ் என்ற தம்பதியின் கொடையில் அங்கே ஒரு சின்ன ஓவியக்கூடம் எழுந்தது. அதுதான் ரோஸ் ஆர்ட் மியூசியம்.

முதல் இயக்குநர் சாம் ஹன்டர். அடுத்த வருஷம் இன்னொரு தம்பதி கொடுத்த 50,000 டாலர் அவர் கையில் இருந்தது. பழைய பெரிய பெயர்களை வாங்க அது போதாது. அதனால் உயிரோடு இருக்கிற, இன்னும் விலை ஏறாத ஓவியர்களிடம் போவது என்று முடிவு செய்தார். எந்த ஓவியத்துக்கும் 5,000 டாலருக்கு மேல் கொடுப்பதில்லை என்று ஒரு வரம்பும் வைத்துக்கொண்டார். அப்படி 21 ஓவியங்கள் வந்து சேர்ந்தன. சராசரி பார்த்தால் ஒன்றுக்கு 2,400 டாலர்கூட ஆகாது. அந்தப் பட்டியலில் டி கூனிங், ஜாஸ்பர் ஜான்ஸ், ராபர்ட் ராஷன்பெர்க், ராய் லிக்டன்ஸ்டைன் எல்லாரும் இருந்தார்கள். அமெரிக்க ஓவியத்தின் சரித்திரத்தை எழுதுகிற எவரும் பின்னாளில் தவிர்க்க முடியாமல் போன பெயர்கள் இவை.

கண் உள்ள ஒரு ஊழியர் கையில் சிறு தொகை போனால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். அந்த விதையிலிருந்து வளர்ந்த சேகரிப்பு, 2009-க்குள் 6,000-க்கும் மேற்பட்ட கலைப்பொருட்களாகப் பெருகிவிட்டது. அதன் மதிப்பு ஏறத்தாழ 35 கோடி டாலர் என்று அப்போது பத்திரிகைகள் எழுதின. ஆபத்து அங்கேதான் ஆரம்பித்தது. காகிதத்தில் பெரிய எண் ஒன்று இருந்தால், பணமுடைக்காரன் கண் அதன் மேல்தான் முதலில் விழும்.

2008-ல் அமெரிக்கப் பங்குச் சந்தை சரிந்தது. பல்கலைக்கழகத்தின் மூலநிதியில் ஏறத்தாழ கால் பங்கு கரைந்தது. போதாததற்கு டிசம்பரில் பெர்னார்ட் மேடாஃப் கைதானார். அவர் செய்தது நமக்குப் புதிதல்ல. புதிதாகப் பணம் போட்டவரிடம் வாங்கி, பழையவருக்கு வட்டியாகக் கொடுப்பது. நம் ஊரில் பைனான்ஸ் கம்பெனிகளில் சேமிப்பைத் தொலைத்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். பிராண்டைஸுக்கு அள்ளிக் கொடுத்துவந்த ஷாப்பிரோ குடும்பமும் மேடாஃபிடம் பெருந்தொகை இழந்தது. நிதி குறைந்த அதே நேரத்தில் நிதி தருபவர் கையும் கட்டிப்போயிற்று.

2009 ஜனவரி 26. நமக்குக் குடியரசு நாள். அன்று பல்கலைக்கழக அறங்காவலர்கள் கூடி, ஓவியக்கூடத்தை மூடிவிடுவது, ஓவியங்களை விற்பது என்று ஒருமனதாகத் தீர்மானித்தார்கள். இயக்குநர் மைக்கேல் ரஷுக்கே செய்தி அன்றைக்குத்தான் தெரியும்.

ஏன் சில ஓவியங்களை மட்டும் விற்காமல், கூடத்தையே மூட வேண்டும்? இதில் ஒரு நுணுக்கம் உண்டு. அமெரிக்க ஓவியக்கூட இயக்குநர்களின் சங்கத்தில் அப்போது ஒரு விதி இருந்தது: ஓவியத்தை விற்றால் அந்தப் பணத்தில் வேறு கலைப்பொருள்தான் வாங்கலாம், சம்பளமோ கரண்டு பில்லோ கட்டக் கூடாது. கூடமே இல்லை என்று ஆகிவிட்டால் விதி யாரைக் கட்டும்? அதற்காகத்தான் மூடப் பார்க்கிறார்கள் என்று பலர் சொன்னார்கள். கோப்புகளோடு வாழ்ந்த எனக்கு அந்தச் சாமர்த்தியம் உடனே புரிந்தது.

எதிர்ப்பு அவர்கள் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. மாணவர்கள் கூடத்துக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொண்டார்கள். ரோஸ் குடும்பத்தார் கண்டித்தார்கள். ஜேம்ஸ் ரோசன்குவிஸ்ட் போன்ற ஓவியர்கள் அங்கே காட்சி வைக்க மறுத்தார்கள். மாநிலத்தின் அட்டர்னி ஜெனரல், கொடையாளர்கள் எந்த நிபந்தனையில் கொடுத்தார்கள் என்று பார்க்க ஆரம்பித்தார். சில நாட்களிலேயே பல்கலைக்கழகத் தலைவர், விஷயத்தைக் கையாண்ட விதத்துக்கு வருத்தம் தெரிவித்துக் கடிதம் எழுதினார். கூடம் மூடப்படாது, வேறு விதமாக நடக்கும் என்றார்கள்.

ஓவியங்களுக்காக எழுந்த இந்தக் குரல் எல்லாம் நியாயமானது. ஆனால் ஆட்கள் என்ன ஆனார்கள்? அந்த வருஷம் ஜூன் மாதத்தோடு மைக்கேல் ரஷின் ஒப்பந்தம் முடிந்தது, அது புதுப்பிக்கப்படவில்லை. ஏற்கெனவே விரல் விட்டு எண்ணக்கூடிய ஊழியர்கள்தான். அவர்களிலும் சிலர் வெளியே போனார்கள். சுவரில் ஓவியங்கள் மாட்டியபடி இருந்தன, அவற்றை எதற்கு வாங்கினோம், எதன் பக்கத்தில் எதை மாட்ட வேண்டும் என்று சொல்கிறவர் இல்லை. இயக்குநர் நாற்காலியில் நிரந்தரமாக ஒருவர் வந்து உட்கார 2012 ஆயிற்று.

இதற்கிடையே 2009 ஜூலையில், கூடத்தின் ஆலோசனைக் குழுவைச் சேர்ந்த மூவர் வழக்குப் போட்டார்கள். அவர்களில் மெரில் ரோஸ் அந்தக் குடும்பத்துப் பெண்மணி. வழக்கு 2011 ஜூனில் சமரசத்தில் முடிந்தது: கூடம் பொதுமக்களுக்குத் திறந்தே இருக்கும், ஓவியங்களை விற்கும் திட்டம் இல்லை. அந்த அக்டோபரில், பழுதுபார்த்த கட்டடத்தோடு பொன்விழாவும் நடந்தது.

என் மகள் வீடு பாஸ்டன் பக்கம். அங்கே போயிருந்தபோது ஒரு மத்தியானம் அந்தக் கூடத்தைப் பார்த்தேன். வாசலில் கிறிஸ் பர்டன் என்ற கலைஞர் 2014-ல் நிறுவிய 24 பழைய தெருவிளக்குக் கம்பங்கள் வரிசையாக நிற்கின்றன. உள்ளே நம் ஊர்க் கல்யாண மண்டபத்தில் பாதிகூட இராது என்றுதான் தோன்றியது. இதற்கா இத்தனை கோடி, இத்தனை வழக்கு என்று மகள் கேட்டாள். இதற்குத்தான் என்றேன்.

இப்போது பிரான்ஸ். அங்கே இப்படி ஒரு தீர்மானம் போடவே முடியாது. வாத்தியார் போதித்த ஒரு சொல் இன்னும் நினைவிருக்கிறது: இனாலியேனாபிள். விற்கவோ பிறர்க்கு உடைமை மாற்றவோ முடியாதது என்று பொருள். 1566-ல் முலேன் அரசாணை, அரசனின் சொத்தை அரசனே விற்க முடியாது என்று கட்டிவைத்தது. அந்தக் கொள்கையே வழிவழியாக வந்து, 2002-ஆம் வருஷத்து மியூசியச் சட்டத்திலும் இருக்கிறது. பொதுச் சேகரிப்பில் சேர்ந்த ஓவியம் சந்தைக்குப் போகாது.

ஆனால் பணமுடை அங்கேயும் வந்தது. ஓவியத்தைத் தொட முடியாதே, பிறகு எதைத் தொடுவது? அரசு ஊழியரில் இரண்டு பேர் ஓய்வு பெற்றால் ஒருவர் இடத்தை நிரப்புவதில்லை என்று சர்க்கோசி காலத்தில் விதி கொண்டுவந்தார்கள். பாரீஸின் பொம்பிதூ மையத்துக்கும் அது வந்தபோது, 2009 நவம்பர் 23 முதல் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். டிசம்பர் தொடக்கத்தில் லூவ்ர், ஒர்சே, வெர்சாய் ஊழியர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

அந்தச் செய்தி வந்த நாட்களில் நானும் ஓய்வை எட்டிக்கொண்டிருந்தேன். என் பிரிவில் ஒருவர் ஓய்வு பெற்றால் அவர் நாற்காலியைத் தூக்கி அலமாரி ஓரம் போட்டுவிடுவார்கள். அவர் பார்த்த கோப்புகள் பக்கத்து மேசைக்கு வரும். யாரையும் நீக்கியதாகக் கணக்கில் இராது. வீட்டுக்கு அனுப்பும் கடிதமும் இராது. இடம் மட்டும் காலி, காலி என்று எழுதப்பட்டு, ஒரு நாள் பட்டியலிலிருந்தே போய்விடும். சத்தமில்லாத ஆட்குறைப்பு இது. சத்தம் இல்லாததால் வழக்கும் இல்லை.

ஓவியத்தை விற்கத் தீர்மானித்தால் மறுநாள் உலகம் கொதிக்கும். அதைக் காக்கச் சட்டம் வரும், கொடையாளர் வருவார், மாணவர் வருவார். அதைத் துடைத்து, கணக்கெடுத்து, பள்ளிப் பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்கிற ஆளின் இடம் போனால் எத்தனை பேருக்குத் தெரியும்? சாம் ஹன்டர் போன்ற ஒருவர் அந்தச் சம்பளப் பட்டியலில் இல்லாமல் இருந்திருந்தால், 50,000 டாலர் 50,000 டாலராகவே செலவழிந்து போயிருக்கும். நமக்குத் தெரிந்த எந்த நூலகத்திலோ அருங்காட்சியகத்திலோ பணமில்லை என்று கேள்விப்பட்டால், என்ன விற்கப் போகிறார்கள் என்று கேட்பதோடு நிறுத்த வேண்டாம். எந்த நாற்காலி காலியாகக் கிடக்கிறது, எத்தனை வருஷமாக என்றும் கேளுங்கள்.