பழைய கேபினட், புதிய மதர்போர்டு

கணினியின் உள்ளுறுப்புகள் சில ஆண்டுகளிலேயே பழசாகிவிடும். அவற்றைச் சுமக்கும் இரும்புப் பெட்டிக்கோ அலுமினியப் பெட்டிக்கோ அப்படிக் கெடு எதுவும் கிடையாது. பழைய பாகங்களைக் கழற்றிவிட்டு, சந்தையில் கிடைக்கும் பொது அளவுப் பாகங்களை அதே பெட்டிக்குள் பொருத்தும் வேலை இந்த வேறுபாட்டிலிருந்து பிறந்தது. அந்த வேலை எளிதா கடினமா என்பதை மூன்று அளவுகள் தீர்மானிக்கின்றன: மதர்போர்டைத் தாங்கும் திருகுத் துளைகளின் இடம், ஸ்லாட்டுகளுக்கும் போர்ட்டுகளுக்கும் பின்சுவரில் விடப்பட்ட திறப்பு, எஸ்எம்பிஎஸ் எனப்படும் மின்வழங்கி உட்காரும் இடம். இந்த மூன்றும் எப்போது பொதுவாயின, யார் அவற்றைப் பின்பற்றினார்கள், யார் விலகினார்கள் என்பதில்தான் கேபினட் மாற்றத்தின் வரலாறு அடங்கியிருக்கிறது.

ஐபிஎம் வகுத்த அளவுகள்

1981 ஆகஸ்ட் 12 அன்று ஐபிஎம் நிறுவனம் 5150 என்ற எண்ணுடைய தன் முதல் பெர்சனல் கம்ப்யூட்டரை அறிவித்தது. அதில் ஐந்து விரிவாக்க ஸ்லாட்டுகள் இருந்தன. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே ஒரு அங்குலம். மின்வழங்கியின் திறன் 63.5 வாட். சுற்றுப்படங்களையும் பயாஸ் நிரலையும் தொழில்நுட்பக் கையேடாக அச்சிட்டு ஐபிஎம்மே விற்றது. 1983 மார்ச்சில் வந்த எக்ஸ்டி மாடலில் ஸ்லாட்டுகள் எட்டாயின. ஏறத்தாழ அதே அளவுப் பெட்டிக்குள் அவற்றை அடக்குவதற்காக இடைவெளி 0.8 அங்குலமாக, அதாவது 20.32 மி.மீ. ஆகக் குறைக்கப்பட்டது. இன்று கடையில் வாங்கும் கிராஃபிக்ஸ் கார்டின் பின்தகடும் அதே 20.32 மி.மீ. கணக்கில்தான் அமைகிறது.

1984 ஆகஸ்டில் ஏடி மாடல் வந்தது. அதன் மதர்போர்டு 12 × 13.8 அங்குலம், மின்வழங்கி 192 வாட். அதே காலத்தில் பல சில்லுகளின் வேலையை ஒன்றிரண்டில் அடக்கும் சிப்செட்டுகள் வரத் தொடங்கின. போர்டு சுருங்கியது. 8.5 × 13 அங்குல அளவில், எக்ஸ்டி, ஏடி இரண்டின் பெட்டிக்குள்ளும் உட்காரும்படி வந்த போர்டுக்குப் ‘பேபி ஏடி’ என்று பெயர். தைவான் தயாரிப்பாளர்கள் இந்த அளவைப் பிடித்துக்கொண்டனர். பெட்டி ஒருவரிடம், போர்டு இன்னொருவரிடம், மின்வழங்கி மூன்றாமவரிடம் என்று வாங்கிச் சேர்க்கும் அசெம்பிள்டு கணினி வணிகம் இதனால் சாத்தியமாயிற்று. தில்லியின் நேரு பிளேஸும் சென்னையின் ரிச்சி தெருவும் பின்னாளில் தழைத்தது இந்த அடித்தளத்தின் மேல்தான்.

1987இல் ஐபிஎம் தன் பிஎஸ்/2 வரிசையில் போர்டு, ஸ்லாட்டு, பெட்டி அனைத்தையும் தனக்கே உரிய அளவுகளுக்கு மாற்றியது. போட்டியாளர்கள் பின்தொடரவில்லை. அளவை உருவாக்கிய நிறுவனமே அதைக் கைவிட்டபின்னும் அளவு நிலைத்தது.

ஏடியிலிருந்து ஏடிஎக்ஸுக்கு

ஏடி பெட்டிகளில் சில சிக்கல்கள் இருந்தன. போர்டின் பின்விளிம்பில் நிரந்தரமாக இருந்தது கீபோர்டுக்கான வட்டத் துளை ஒன்றுதான். பிரிண்டருக்கும் மோடத்துக்கும் உரிய போர்ட்டுகள் தட்டை வயர்கள் வழியாகத் தனித் தகடுகளுக்கு இழுக்கப்பட்டன. மின்வழங்கியிலிருந்து பி8, பி9 என இரண்டு இணைப்பான்கள் வந்தன. கறுப்பு வயர்கள் நடுவில் அடுத்தடுத்து வரும்படி அவற்றைச் செருக வேண்டும். இடம் மாற்றிச் செருகினால் போர்டு கருகிவிடும். முன்பக்க ஸ்விட்சில் வீட்டு மின்சாரமே நேராக ஓடியது.

1995இல் இன்டெல் வெளியிட்ட ஏடிஎக்ஸ் இவற்றுக்கு முடிவு கட்டியது. பேபி ஏடியைக் கால்திருப்பம் திருப்பி வைத்ததுபோல அமைந்த இதன் முழு அளவு 305 × 244 மி.மீ. போர்ட்டுகள் அனைத்தும் பின்சுவரில் 158.75 × 44.45 மி.மீ. செவ்வகத் திறப்புக்குள் வந்தன. அந்தத் திறப்பை மூடும் தகடு போர்டுடனேயே கிடைத்தது. மின்சாரத்துக்கு ஒரே 20 முனை இணைப்பான், தவறாகச் செருக முடியாத வடிவில். மின்வழங்கியை இயக்கும் கட்டளை, பச்சை வயர் வழியாகப் போர்டிலிருந்தே சென்றது. ஆகவே முன்பக்க ஸ்விட்சில் ஓடுவது சில வோல்ட் மட்டுமே.

பின்னர் இதே துளை வரிசையிலிருந்து சிறிய அளவுகள் கிளைத்தன. 1997இல் 244 மி.மீ. சதுர மைக்ரோ ஏடிஎக்ஸும், 2001இல் வியா நிறுவனத்தின் 170 மி.மீ. சதுர மினி ஐடிஎக்ஸும் வந்தன. மினி ஐடிஎக்ஸ் போர்டின் நான்கு துளைகளும் ஏடிஎக்ஸ் பெட்டியின் துளைகளோடு பொருந்தும். 1995இன் பெட்டி இன்றைய போர்டை வெட்டுப்படாமலே ஏற்பது இதனால்தான்.

விதிவிலக்குகளும் உண்டு. 1990களின் பிற்பகுதியில் டெல் தயாரித்த பல மேசைக் கணினிகளின் மின் இணைப்பான் வெளித்தோற்றத்தில் ஏடிஎக்ஸ் போலவே இருந்தது. வயர்களின் வரிசை மட்டும் வேறு. அந்த மின்வழங்கியைப் பொதுப் போர்டில் செருகினால் இரண்டில் ஒன்று பழுதாகும்.

வெட்டும் பழக்கம் வந்த வழி

பெட்டியை வெட்டும் பழக்கம் அழகுக்காக மட்டும் தொடங்கியதல்ல. 1998இல் வந்த இன்டெல் செலரான் 300ஏ செயலியை 450 மெகாஹெர்ட்ஸ் வரை ஓட்ட முடிந்தது. வேகத்தோடு சூடும் ஏறியது. அன்றைய பெட்டிகளில் காற்று போகப் பெரும்பாலும் ஒரு 80 மி.மீ. விசிறிக்கே இடம் இருந்ததால், ஆர்வலர்கள் மேற்தகட்டில் துளையிட்டு வெப்பத்தை வெளியேற்றினர். கையடக்கச் சுழல் வெட்டிகள் அதற்கு உதவின. அதே கருவியால் பக்கத் தகட்டில் ஜன்னல் திறந்து அக்ரிலிக் ஒட்டுவது அடுத்த படி. சில ஆண்டுகளில் தயாரிப்பாளர்களே ஜன்னல் வைத்த கேபினட்டுகளை விற்கத் தொடங்கினர்.

புதுப் பெட்டிகளில் எல்லாம் கிடைத்துவிட்ட பிறகு கவனம் பழைய பெட்டிகளின் மேல் திரும்பியது. வெளியே 1990களின் வெளிறிய பழுப்பு நிறப் பெட்டி, உள்ளே இன்றைய செயலி என்ற அமைப்புக்கு ‘ஸ்லீப்பர்’ என்று பெயர் வந்தது. மஞ்சள் பூத்த பிளாஸ்டிக் முகப்பை ஹைட்ரஜன் பெராக்சைடும் புறஊதா ஒளியும் கொண்டு வெளுக்கவைக்கும் ‘ரெட்ரோபிரைட்’ முறை 2008இல் பரவியது இந்த ஆர்வத்துக்குத் துணைசெய்தது.

ஏடி பெட்டியை மாற்றும் விதம்

பேபி ஏடி பெட்டியில் ஏடிஎக்ஸ் போர்டுக்கான துளைகளில் சில முன்பே இருக்கும்; மற்றவற்றைப் புதிதாகப் போட வேண்டும். வெற்றுப் போர்டைத் தகட்டின் மேல் வைத்து, ஒரு ஸ்லாட்டில் கார்டைச் செருகி, அதன் பின்தகடு பெட்டியின் ஸ்லாட்டுத் திறப்பில் சரியாகத் திருகப்பட்ட பிறகே துளைகளைக் குறிக்கிறார்கள். கார்டை ஒதுக்கிவிட்டு டேப்பால் அளந்தால் ஒரு மி.மீ. பிசகினாலும் எந்தக் கார்டும் உட்காராது. பிறகு பின்சுவரில் செவ்வகத் திறப்பு வெட்டப்படும். தகடுகளை இணைக்கும் ரிவெட்டுகளை 3.2 மி.மீ. டிரில்லால் எடுத்துவிட்டால், பின்சுவரைத் தனியாகக் கழற்றி வெட்டலாம். திருகுகளிலும் கவனம் வேண்டும். மின்வழங்கிக்கும் ஹார்டு டிஸ்குக்கும் 6-32 என்ற அமெரிக்க மரைத் திருகு. சிடி டிரைவுக்கு எம்3 என்ற மெட்ரிக் திருகு. மாற்றி முறுக்கினால் மரை தேய்ந்துவிடும்.

முன்பக்க ஸ்விட்சை அப்படியே விட்டுவைக்கக் கூடாது. அதில் ஓடிய 230 வோல்ட் வயர்களை முழுவதுமாக நீக்க வேண்டும். அடுத்து வருவது ஸ்விட்சின் தன்மை. ஏடி ஸ்விட்சு அழுத்தினால் அழுந்தியே நிற்கும் வகை. ஏடிஎக்ஸ் போர்டுக்குத் தேவை, தொட்டதும் விடுபடும் வகை. பழையதை அப்படியே இணைத்தால், போர்டு இயங்கத் தொடங்கி நான்கு நொடியில் தானே அணைந்துவிடும், ஏனென்றால் நான்கு நொடி தொடர்ந்து அழுத்துவதைக் கட்டாய நிறுத்தம் என்று போர்டு எடுத்துக்கொள்கிறது. ஸ்விட்சுக்குள் இருக்கும் பூட்டுக்கம்பியை எடுத்துவிட்டால் அது தொடு ஸ்விட்சாகிவிடும். ஏற்கனவே தொட்டதும் விடுபடும் வகையான ‘ரீசெட்’ பொத்தானைப் பவர் பொத்தானாக்குவது இன்னும் சுலபமான வழி.

வெப்பம் இறுதிச் சிக்கல். 1993இன் முதல் பென்டியம் ஏறத்தாழ 15 வாட் செலவிட்டது. 2004இன் பென்டியம் 4 வகைகள் சில 115 வாட்டைத் தொட்டன. பழைய பெட்டியின் முகப்பில் உள்ள மெல்லிய கீற்றுகள் இந்த அளவுக்குக் காற்றை உள்ளே விடா. முகப்பின் அடிப்பகுதியில், வெளியே தெரியாத இடத்தில், 120 மி.மீ. விசிறிக்குத் திறப்பு வெட்டுவது வழக்கம்.

பவர் மேக் ஜி5

பொது அளவுகளை அடியோடு ஒதுக்கிய பெட்டிகளில் அதிகம் மாற்றப்பட்டவற்றுள் ஒன்று ஆப்பிளின் பவர் மேக் ஜி5. 2003 ஜூனில் அறிவிக்கப்பட்ட இது, 51.1 செ.மீ. உயரமும் 47.5 செ.மீ. ஆழமும் கொண்ட அலுமினியப் பெட்டி. முன்னும் பின்னும் நுண்துளையிட்ட தகடு. உள்ளே நான்கு வெப்பப் பகுதிகள், ஒன்பது விசிறிகள். பின்புறத் தாழ்ப்பாள் ஒன்றைத் தூக்கினால் பக்கக் கதவு முழுதாகக் கழன்று வரும்.

2005 ஜூனில் ஆப்பிள் இன்டெல் செயலிகளுக்கு மாறுவதாக அறிவித்தது. 2006 ஆகஸ்டில் மேக் புரோ வந்ததும் ஜி5 விற்பனை முடிந்தது. 2009இன் ஸ்னோ லெப்பர்ட் இயங்குதளம் ஜி5 செயலியை ஆதரிக்கவில்லை. இயந்திரம் பயனற்றுப் போனது. பெட்டி புதிதுபோலவே இருந்தது. பழைய சாமான் கடைகளில் மலிவாகக் கிடைத்ததும் இதை மாற்றுவோர் பெருகினர்.

வேலை கடினமானது. போர்டைத் தாங்கும் கால்கள் ஆப்பிளின் போர்டுக்கு மட்டுமே பொருந்தும் இடங்களில் நிலையாகப் பதிக்கப்பட்டுள்ளன. குறட்டால் திருகிப் பெயர்த்துவிட்டு, புதிய கால்களை எபாக்ஸி பசையால் ஒட்ட வேண்டும். பின்சுவரில் நான்கு ஸ்லாட்டுத் திறப்புகள்தான் உண்டு. முழு ஏடிஎக்ஸுக்கு ஏழு வேண்டும். ஆகவே சிலர் பின்சுவரில் பெரிய பகுதியை வெட்டியெடுத்து, வேறொரு கேபினட்டின் போர்டுத் தட்டையும் பின்தகட்டையும் சேர்த்து அங்கே பொருத்துகிறார்கள். இதற்கென்றே தட்டுகள் தயாரித்து விற்கும் சிறு பட்டறைகளும் தோன்றின. மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டு என்றால் வெட்டு குறையும். மின்வழங்கி பெட்டியின் அடித்தளத்தில் தட்டையாகக் கிடக்கிறது. ஏடிஎக்ஸ் மின்வழங்கி அங்கே நுழையாது. அதன் உள்ளுறுப்புகளைப் பிரித்துப் பழைய கூட்டுக்குள் அடைப்போர் உண்டு. உயர் மின்னழுத்தத்தைத் தேக்கிவைத்திருக்கும் மின்தேக்கிகள் அதற்குள் இருப்பதால், பயிற்சி இல்லாதவர்கள் இதைத் தொடக் கூடாது.

அலுமினியத்தை வெட்டும்போது வாளின் பற்களில் உலோகம் ஒட்டிக்கொள்ளும். சிறிது மண்ணெண்ணெய் தடவினால் ஒட்டாது. மேற்பரப்பில் கீறல் விழாமல் இருக்க வெட்டுக்கோட்டின் இருபுறமும் காகித டேப் ஒட்டப்படும். வெட்டு முடிந்ததும் விளிம்புகளை அரத்தால் தேய்த்து, துகள் ஒன்றுகூட மிஞ்சாமல் துடைக்க வேண்டும். போர்டின் அடியில் சிக்கும் ஒரு துகள் குறுக்குமின்னோட்டத்துக்குப் போதும்.

வெட்டாத வழி

எல்லாப் பெட்டியும் வெட்டுக்கு உகந்ததல்ல. நெக்ஸ்ட் நிறுவனம் 1988இல் அறிமுகப்படுத்திய கனசதுரக் கணினியின் கூடு மக்னீசியத்தால் ஆனது. மக்னீசியத் துகள்கள் எளிதில் தீப்பற்றும். அந்தத் தீயைத் தண்ணீரால் அணைக்க முயன்றால் அது பெருகும். தவிர, அந்த இயந்திரம் அரியது.

இத்தகைய பெட்டிகளுக்கு இணைப்புத் தட்டு முறை ஏற்றது. பெட்டியின் பழைய துளைகளிலேயே திருகப்படும் ஒரு தட்டை அக்ரிலிக்கில் லேசரால் வெட்டியோ முப்பரிமாண அச்சில் வார்த்தோ செய்து, அதன் மேல் மினி ஐடிஎக்ஸ் போர்டை நிறுத்துகிறார்கள். மின்வழங்கிக்கு 125 × 100 × 63.5 மி.மீ. அளவுள்ள எஸ்எஃப்எக்ஸ் வகை போதும். அதற்கும் இடமில்லாவிட்டால், வெளி அடாப்டரிலிருந்து 12 வோல்ட் பெற்று போர்டின் இணைப்பானிலேயே செருகிக்கொள்ளும் சிறு மின்மாற்றுச் சுற்று உதவும். ஆப்பிள் 2000 ஜூலையில் அறிவித்து ஓராண்டிலேயே நிறுத்திய ஜி4 கியூபுக்கு இந்த முறை இயல்பாகப் பொருந்துகிறது. அதன் மூல மின்வழங்கியும் பெட்டிக்கு வெளியே இருந்ததுதான். கழற்றிய பாகங்களைப் பத்திரப்படுத்தினால், பின்னாளில் எதையும் பழைய நிலைக்குக் கொண்டுவரலாம்.

நடைமுறையில் விதி சுருக்கமானது. லட்சக்கணக்கில் வார்க்கப்பட்ட, உள்ளே எதுவும் இயங்காத பெட்டியை வெட்டலாம். இயங்கும் நிலையில் உள்ளதையும் எண்ணிக்கையில் குறைந்ததையும் வெட்டக் கூடாது. தட்டு வைத்துப் பொருத்தலாம். எந்த உலோகப் பெட்டியாக இருந்தாலும் வேலை முடிந்தபின் பெட்டிக்கும் மின்செருகியின் எர்த் முனைக்கும் இடையே தொடர்பு இருப்பதை மீட்டரால் சோதித்த பிறகே மின்சாரம் கொடுக்க வேண்டும்.