பனைமரத்திற்கு நாம் பட்ட கடன்



குருத்தோலை ஞாயிறன்று ஓலை ஏந்திப் பவனி வருகிறோம். எருசலேம் மக்கள் ஏந்தியது பேரீச்ச மடல். நம் முன்னோர் அதற்கு ஈடாக எடுத்தது பனங்குருத்தும் தென்னங்குருத்தும். மந்திரித்த அந்த ஓலையே மறு ஆண்டு எரிக்கப்பட்டு, திருநீற்றுப் புதனன்று நம் நெற்றியில் சாம்பலாகிறது.

ஓலையின் தொண்டு அத்தோடு முடியவில்லை. தென்கரையில் முதன்முதல் எழுந்த சிற்றாலயங்கள் பலவும் ஓலைக் கூரை வேய்ந்தவையே. பின்னர் காரைச் சுவர் எழுப்பியபோது, சாந்து இறுகக் கடுக்காய் நீரோடு கருப்பட்டி நீரும் கலந்தனர். 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சேறிய பிறகும், 19-ஆம் நூற்றாண்டு வரை தமிழருக்கு ஓலையே ஏடு. எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை பொத்துவிடும் என்று புள்ளியை விட்டுவிடுவர். அதனால் எகரமும் ஏகாரமும், ஒகரமும் ஓகாரமும் மயங்கின. நெடிலுக்குத் தனி வடிவம் தந்து அம்மயக்கத்தைத் தீர்த்தவர் நம் வீரமாமுனிவர் (1680–1747).

இத்தனையும் தந்த மரத்தின் பின்னால் ஒரு மனிதன் நிற்கிறான். தளைநாரும் முருக்குத்தடியும் அரிவாள்பெட்டியும் கொண்டு, காலையும் மாலையும் ஏறிப் பாளை சீவுகிறான். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் பதநீர். தடவாவிட்டால் புளித்துக் கள். பதநீரை விடிலியில் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றிக் கருப்பட்டியாக்குவது அவன் வீட்டுப் பெண்களின் உழைப்பு. தவறி விழுந்தால் ஒரு குடும்பமே விழும். ஆகவே, "என்னோடு இத்தொழில் போகட்டும்" என்று மகனைத் தடுக்கும் தந்தையை நாம் குறை கூற இயலாது.

பனை 1978-இல் மாநில மரமாயிற்று. மாவட்ட ஆட்சியரின் அனுமதியின்றிப் பனையை வெட்டலாகாது என்று 2021-இல் அரசு அறிவித்தது. ஆயினும் ஏற ஆளில்லாத மரம் நின்றும் பயனில்லை. சீனி கலந்த மலிவுச் சரக்கை நாம் வாங்கும்போதெல்லாம் அந்த உழைப்பாளியின் கூலியைக் குறைக்கிறோம்.

எனவே, இரண்டு காரியம் செய்வோம். கலப்படமற்ற கருப்பட்டியை உரிய விலை கொடுத்து வாங்குவோம். ஆவணி, புரட்டாசியில் பனங்கொட்டைகளைப் பொறுக்கி, குளக்கரையிலும் தேரியிலும் ஊன்றுவோம். பலன் தரப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகும். அதை நம் பிள்ளைகள் காண்பார்கள். நாம் அனுபவித்ததும் பிறர் ஊன்றியதுதானே!