பதினாறு வயதின் கூலி

கல்விக்குக் கட்டணம் இல்லை என்று அரசு அறிவித்துவிட்டால் ஏழையின் பிள்ளைக்குக் கல்வி இலவசமாகிவிடுகிறதா? 'ஆம்' என்று விடை கூறுவோர் ஒரு செலவை மறந்துவிடுகின்றனர். பதினாறு வயது நிரம்பிய மகன் ஒரு பட்டறைக்கோ கடைக்கோ சென்றால் வாரந்தோறும் வீட்டிற்கு ஒரு தொகை வரும். அவன் வகுப்பறையில் அமர்ந்திருந்தால் அத்தொகை வராது. வராத அந்தக் கூலிதான் ஏழைக் குடும்பம் கல்விக்குச் செலுத்துகின்ற பெருங்கட்டணம். எந்தப் பள்ளியின் கட்டணப் பட்டியலிலும் அது இடம்பெறுவதில்லை. ஆயினும் ஒவ்வொரு தாயும் தந்தையும் அதை மனத்திற்குள் கணக்கிட்டே தீர்கின்றனர்.

இந்தக் கட்டணத்தை யார் ஏற்பது? குடும்பமா, ஊரா, அரசா? பிரிட்டனில் இவ்வினா நூறாண்டுக்கும் மேலாக எழுவதும் அடங்குவதுமாக இருந்து வருகிறது. அந்நாடு ஒருமுறை இதற்கு நல்லதொரு விடை கண்டது. கண்ட விடையை அதன் பெரும்பகுதி சில ஆண்டுகளிலேயே கைவிட்டது. அந்த வரலாற்றில் நாம் அறிந்துகொள்ள வேண்டியவை பல உள்ளன.

ஆலைக்கும் பள்ளிக்கும் இடையே

இங்கிலாந்தின் வடமேற்கில் உள்ள லங்காஷயர், ஒரு காலத்தில் உலகிற்கே பருத்தித் துணி நெய்து கொடுத்த வட்டாரம். அங்கே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் 'அரைநேரப் பிள்ளைகள்' என்று அழைக்கப்பட்டோர் இருந்தனர். பன்னிரண்டு வயது நிரம்பிய சிறுவனும் சிறுமியும் நாளின் ஒரு பாதியை நூற்பாலையிலும் மறு பாதியைப் பள்ளியிலும் கழிக்கச் சட்டம் இடங்கொடுத்தது. விடியற்காலையில் ஆலைக்குச் சென்று திரும்பிய பிள்ளை, பிற்பகலில் பள்ளிப் பலகையின் மீது தலை சாய்த்து உறங்கிப்போவது ஆசிரியர்கள் அன்றாடம் கண்ட காட்சி.

இவ்வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்று கல்வியாளர்கள் குரல் கொடுத்தபோது எதிர்ப்பு முதலாளிகளிடமிருந்து மட்டும் வரவில்லை. 1909-ஆம் ஆண்டில் பருத்தி ஆலைத் தொழிலாளர்களிடையே வாக்கெடுப்பு நடத்தப்பட்டபோது, பிள்ளைகளின் வேலை வயதை உயர்த்துவதைப் பெரும்பான்மையோர் எதிர்த்தே வாக்களித்தனர். பெற்ற பிள்ளை மீது அன்பில்லாதவர்களா அவர்கள்? இல்லை. பிள்ளையின் சில ஷில்லிங்குகள் குறைந்தால் அடுப்பில் எது குறையும் என்பதை அறிந்தவர்கள் அவர்கள்.

1907-ஆம் ஆண்டின் விதிகளின்படி, அரசு மானியம் பெறும் உயர்நிலைப் பள்ளிகள் தம் இடங்களில் நான்கில் ஒரு பங்கைத் தொடக்கப் பள்ளி மாணாக்கருக்கு இலவசமாக ஒதுக்கும் கடமை பெற்றன. கதவு திறந்தது. ஆனால் தேர்வில் வென்ற பிள்ளைகள் பலர் அக்கதவின் வழியே நுழையவில்லை. சீருடைக்கும் நூல்களுக்கும் பணம் வேண்டும். அதற்கும் மேலாக, வீட்டில் ஒரு கூலி குறையும். பின்னர் 1918-ஆம் ஆண்டின் ஃபிஷர் சட்டம் பள்ளியை விட்டு நீங்கும் வயதைப் பதினான்காக உயர்த்தி, அரைநேர முறைக்கு முடிவு கட்டியது. பிள்ளையைப் பள்ளியில் இருத்தச் சட்டம் வந்தது. குடும்பத்தின் இழப்பை ஈடுசெய்யும் வழி வரவில்லை.

ஐந்து ஷில்லிங்கின் கதை

அவ்வழியைக் காண முனைந்தவர் சர் சார்லஸ் ட்ரெவெல்யன். தொழிற்கட்சி ஆட்சியில் கல்வித் துறையின் தலைவராக இருந்த அவர், 1930-இல் ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். பள்ளி வயதைப் பதினைந்தாக உயர்த்துவது. கூடுதலாகும் அந்த ஓராண்டுக்கு எளிய குடும்பங்களுக்கு வாரம் 5 ஷில்லிங் பராமரிப்புப் படி வழங்குவது என்பவை அதன் இரு கூறுகள். கூலியை இழக்கச் சொல்லும் அரசே அந்த இழப்பில் பங்கேற்க வேண்டும் என்னும் நியாயம் அதனுள் இருந்தது. ஆனால் சமயச் சார்புள்ள பள்ளிகளுக்கான நிதி பற்றிய பூசலில் மசோதா சிக்கியது. பிரபுக்கள் சபை 1931-இல் அதை வீழ்த்தியது. ட்ரெவெல்யன் பதவி விலகினார்.

பின்னர் 1936-இல் ஒரு சட்டம் நிறைவேறியது. பள்ளி வயது பதினைந்தாக உயரும் நாள் 1939 செப்டம்பர் 1 என்று அது குறித்தது. அதே நாளில் ஜெர்மானியப் படைகள் போலந்துக்குள் புகுந்தன. போர் மூண்டது, பள்ளி வயது காத்திருந்தது.

போரின் இறுதியில் வேறொரு கோணத்திலிருந்து இவ்வினா எழுந்தது. எலினார் ராத்போன் என்னும் நாடாளுமன்ற உறுப்பினர், பிள்ளைகளை வளர்க்கும் குடும்பங்களுக்கு அரசு உதவித் தொகை தர வேண்டும் என்று பல்லாண்டுகள் போராடியவர். 1945-இல் குடும்ப உதவிச் சட்டம் வந்தபோது, தொகை தந்தைக்கே உரியது என்று அதன் முதல் வரைவு கூறியது. ராத்போன் அதை எதிர்த்து நின்றார். பிள்ளைக்கு உணவிடும் கையில்தான் பணம் சேர வேண்டும் என்றார், வென்றார். இரண்டாம் பிள்ளை முதல் ஒவ்வொரு பிள்ளைக்கும் வாரம் 5 ஷில்லிங் தாயின் கைக்கு வந்தது. 1946 ஆகஸ்டில் அத்தொகை முதன்முதலாக வழங்கப்பட்டபோது ராத்போன் உயிருடன் இல்லை. அவ்வாண்டின் ஜனவரியிலேயே அவர் மறைந்துவிட்டார்.

உதவி எவ்வளவு என்பது ஒரு கேள்வி. அது எவர் கையில் சேர்கிறது என்பது மற்றொரு கேள்வி. இரண்டாவது கேள்வி முதலாவதற்குச் சற்றும் குறைந்ததன்று என்பதை அந்த அம்மையார் உணர்த்திச் சென்றார். அரை நூற்றாண்டுக்குப் பின் அது மீண்டும் எழுந்ததைப் பின்னர்க் காண்போம்.

கொடுக்கலாம் என்னும் சொல்

1944-ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் அரசுப் பள்ளிகளில் உயர்நிலைக் கல்விக்கான கட்டணத்தை நீக்கியது. பள்ளி வயது 1947-இல் பதினைந்தாகவும், 1972-இல் பதினாறாகவும் உயர்ந்தது. கட்டாய வயதைக் கடந்தும் படிப்போருக்கு உள்ளாட்சி மன்றங்கள் பராமரிப்புப் படி வழங்க அச்சட்டத்தின் 81-ஆம் பிரிவு அதிகாரம் அளித்தது. அதிகாரம் அளித்ததேயன்றிக் கட்டளையிடவில்லை. 'கொடுக்கலாம்' என்பதற்கும் 'கொடுக்க வேண்டும்' என்பதற்கும் உள்ள இடைவெளியில் பல்லாயிரம் பிள்ளைகளின் படிப்பு விழுந்துபோனது. ஓர் ஊரில் போதிய தொகை கிடைத்தது. அடுத்த ஊரில் அற்பத் தொகை. வேறோர் ஊரில் ஒன்றுமில்லை.

உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகள் திறமையிருந்தும் இடையில் நின்றுவிடுவதை 1954-இல் வெளிவந்த அரசு அறிக்கை ஒன்று எடுத்துக்காட்டியது. 1957-இல் வீவர் குழு இப்படிகளைச் சீரமைக்கப் பரிந்துரைகள் வழங்கியது. எனினும் 'கொடுக்கலாம்' என்பது 'கொடுக்க வேண்டும்' என்று மாறவில்லை.

இதனோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியது 1962-ஆம் ஆண்டின் கல்விச் சட்டம். பல்கலைக்கழகத்தில் இடம் பெற்ற மாணாக்கருக்கு, குடும்ப வருவாய்க்கேற்ப உதவித் தொகை வழங்குவதை அது கட்டாயமாக்கியது. பதினெட்டு வயதில் ஏணியின் மேற்படிக்கு வந்தவனுக்கு உதவி உரிமையாயிற்று. பதினாறு வயதில் அந்த ஏணியின் நடுப்படியில் தடுமாறுகிறவனுக்கோ அது ஊராரின் விருப்பமாகவே நின்றது. நடுவில் விழுந்தவன் மேற்படியில் காத்திருக்கும் பரிசை எவ்வாறு பெறுவான்?

1983-இல் முரண்பாடு இன்னும் கூர்மையாயிற்று. வேலையில்லாத் திண்டாட்டம் மிகுந்திருந்த அக்காலத்தில் இளைஞர் பயிற்சித் திட்டம் ஒன்றை அரசு தொடங்கியது. பள்ளியை விட்டு நீங்கி அதில் சேர்ந்த பதினாறு வயதினருக்கு வாரம் 25 பவுண்டு கிடைத்தது. அதே வயதில், அதே தெருவில், நூலைக் கையில் எடுத்துக்கொண்டு வகுப்புக்குச் சென்றவனுக்கு அவ்வாறான உறுதி ஏதுமில்லை.

முப்பது பவுண்டு

1997-இல் ஆட்சிக்கு வந்த தொழிற்கட்சி அரசின் கல்வி அமைச்சர் டேவிட் பிளங்கெட், பிறவியிலேயே பார்வையற்றவர். அவருடைய தந்தை எரிவாயு ஆலையில் நேர்ந்த விபத்தில் இறந்தபோது அவர் பன்னிரண்டு வயதுச் சிறுவர். வறுமையை அறிந்தவர், மாலை வகுப்புகளில் படித்து முன்னேறியவர். அவர் பொறுப்பில் இருந்தபோதுதான், 1999-இல், 'கல்விப் பராமரிப்புத் தொகை' பதினைந்து பகுதிகளில் சோதனையாகத் தொடங்கப்பட்டது. பள்ளியின் மேல்வகுப்புகளில் படிப்போருக்கும், தச்சு, மின்பணி, குழந்தை பராமரிப்பு போன்ற தொழில்களைக் கற்பிக்கும் மேற்கல்விக் கல்லூரி மாணாக்கருக்கும் உரியது அது.

சோதனைப் பகுதிகளுள் ஓல்டம் நகரும் ஒன்று. அரைநேரப் பிள்ளைகள் உழைத்த பழைய பருத்தி ஆலை நகரம் அது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாகிஸ்தானிலிருந்தும் இன்று பங்களாதேஷ் எனப்படும் மண்ணிலிருந்தும் சென்ற முஸ்லிம் குடும்பங்கள் அந்த ஆலைகளில் வேலைக்கு அமர்ந்தன. ஆலைகள் பின்னர் ஒவ்வொன்றாக மூடின. பிள்ளையின் கூலியை எண்ணிப் பார்த்த வீடுகள் நிறைந்த ஊரில், அதே கணக்கைப் புதிய குடும்பங்கள் எண்ணிக்கொண்டிருந்த காலத்தில் இத்தொகை சென்று சேர்ந்தது.

சோதனையில் தொகையின் அளவு இடத்திற்கு இடம் மாறியது. பெறுவோரும் மாறினர். சில பகுதிகளில் பெற்றோரின் கணக்கில் பணம் சேர்ந்தது. மற்றப் பகுதிகளில் மாணாக்கரின் கணக்கில் சேர்ந்தது. ராத்போன் எழுப்பிய வினாவே மீண்டும் எழுந்தது. இம்முறை போட்டி தாய்க்கும் பிள்ளைக்கும் இடையே! 2004-இல் இங்கிலாந்து முழுவதும் திட்டம் விரிந்தபோது விடை முடிவாயிற்று: பணம் மாணாக்கரின் சொந்த வங்கிக் கணக்கிற்கே செல்லும். குடும்ப வருவாய்க்கு ஏற்ப வாரம் 30, 20, 10 பவுண்டு என்று மூன்று படிகள். வகுப்புக்கு ஒழுங்காக வர வேண்டும். தக்க காரணமின்றி வராவிடில் அந்த வாரத்தொகை இல்லை.

பதினாறு வயதினன் கையில் பணம் கொடுத்தால் வீணாக்கிவிடமாட்டானா என்று அஞ்சியோர் உண்டு. அவர்களுடைய அச்சத்தை நாம் இகழ வேண்டியதில்லை. பெற்றோர் எவருக்கும் இயல்பானதே. ஆயினும் திட்டத்தின் உட்பொருளையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பேருந்துக் கட்டணம், நண்பகல் உணவு, நூல், தொழிற்கருவி ஆகியவற்றுக்காக நாள்தோறும் பெற்றோர் முன் கைநீட்டும் நிலை பல பிள்ளைகளுக்கு நீங்கியது. அத்துடன் ஒரு பொறுப்பும் அவர்கள் தோளில் ஏறியது. கார்ன்வால் போன்ற கிராமப் பகுதியில், கல்லூரிக்குச் செல்லும் நெடுந்தொலைவுப் பேருந்துக் கட்டணம் என்பதே படிப்பைத் தீர்மானிக்கும் செலவு என்பதையும் மறத்தலாகாது.

பலன் கிடைத்ததா? சோதனைப் பகுதிகளையும் மற்றப் பகுதிகளையும் ஒப்பிட்டு ஆராய்ந்த பொருளியல் அறிஞர்கள், தகுதியுடையோருள் பள்ளி வயதுக்குப் பிந்திய முதலாண்டில் முழுநேரக் கல்வியில் தங்கியோரின் பங்கு ஏறத்தாழ 4.5 விழுக்காட்டுப் புள்ளிகள் உயர்ந்ததாகக் கணித்தனர். திட்டத்தின் இறுதிக் காலத்தில் இங்கிலாந்தில் 6 லட்சத்திற்கும் மேற்பட்ட இளைஞர் இத்தொகையைப் பெற்று வந்தனர்.

உரிமை போனது, தயவு வந்தது

2008-இன் நிதி நெருக்கடிக்குப் பின் 2010-இல் பதவியேற்ற கூட்டணி அரசு செலவைக் குறைக்க முற்பட்டது. ஆண்டுக்கு ஏறத்தாழ 56 கோடி பவுண்டு செலவாகிய இத்திட்டத்தை நிறுத்துவதாக அவ்வாண்டு அக்டோபரில் அறிவித்தது. அரசு எடுத்துக்காட்டிய காரணம் ஓர் ஆய்வின் விடை: இத்தொகை இல்லாவிடில் படிப்பைத் தொடர்ந்திருக்கமாட்டோம் என்று கூறியவர்கள் பெறுவோருள் 12 விழுக்காட்டினர் மட்டுமே. எஞ்சியோருக்குக் கொடுப்பது வீண் என்று வாதிட்டனர்.

இவ்வாதம் புறந்தள்ளத் தக்கதன்று. பொதுப்பணத்திற்குக் கணக்குக் கேட்பது ஆட்சியின் கடமை. ஆனால் எஞ்சிய 88 பேரும் எந்நிலையில் படித்திருப்பர் என்று அவ்வாதம் கேட்கவில்லை. இரவு வரை கடையில் நின்று உழைத்துவிட்டுக் காலையில் வகுப்பில் கண் மூடுபவனும் கணக்கில் 'தொடர்ந்து படிப்பவன்'தான். அரைநேரப் பிள்ளையும் ஒரு காலத்தில் பள்ளிப் பதிவேட்டில் இருந்தவனே!

மாணாக்கர் வீதிகளில் திரண்டு முழங்கினர். எனினும் 2011-இல் இங்கிலாந்தில் திட்டம் முடிவுற்றது. அதற்கு மாற்றாக 18 கோடி பவுண்டு நிதி வந்தது. அரசுப் பராமரிப்பில் வளர்வோர் போன்ற மிக நலிந்த பிரிவினருக்கு ஆண்டுக்கு 1,200 பவுண்டு வரை என்று விதி செய்தனர். மற்றவர்களுள் எவருக்கு, எவ்வளவு என்பதை அந்தந்தக் கல்லூரியே முடிவு செய்யும். 'கொடுக்கலாம்' என்னும் பழைய சொல் திரும்பி வந்தது.

பின்னர் நேர்ந்தது வரலாற்றின் விந்தை. இங்கிலாந்தில் இளைஞர் கல்வியிலோ பயிற்சியிலோ இருந்தாக வேண்டிய வயது 2013-இல் பதினேழாகவும், 2015-இல் பதினெட்டாகவும் உயர்த்தப்பட்டது. 1918-இல் கண்ட அதே நிலை: இருக்கச் சொல்லும் சட்டம் வலுத்தது, இருக்க உதவும் கை தளர்ந்தது. ஸ்காட்லாந்தும் வேல்ஸும் வட அயர்லாந்தும் இத்தொகையைக் கைவிடவில்லை. வேல்ஸ் 2023-இல் அதை வாரம் 40 பவுண்டாக உயர்த்தியது.

நாம் கொள்ளத்தக்கது

உரிமைக்கும் தயவுக்கும் உள்ள வேறுபாடு தொகையில் மட்டும் இல்லை, காலத்திலும் இருக்கிறது. பதினாறு வயதில் படிப்பா, வேலையா என்ற முடிவு ஒரு கோடை விடுமுறைக்குள் வீட்டுக் கூடத்தில் எடுக்கப்படுகிறது. 'இவ்வளவு வருவாய் உள்ள வீட்டிற்கு இவ்வளவு தொகை' என்று முன்னரே தெரிந்திருந்தால், அத்தொகை அந்தப் பேச்சில் பங்கு பெறும். கல்லூரியில் சேர்ந்து, மனு எழுதி, வறுமையை விளக்கி, பின்னர் ஒருவேளை கிடைக்கலாம் என்றிருந்தால், அது கிடைக்கும் முன்பே பிள்ளை பட்டறைக்குச் சென்றுவிடுவான்.

நம் ஊர்களிலும் உபகாரச் சம்பளம் வழங்கும் நல்லோர் பலர் உள்ளனர். அவர்கள் கட்டணத்தைக் கட்டி முடித்ததோடு கடமை முடிந்ததாக எண்ணிவிடலாகாது. பேருந்துச் செலவையும், உணவையும், வீடு இழக்கும் கூலியையும் கணக்கிலே சேர்க்கட்டும். தேர்வு முடிவு வருமுன்பே இன்னாருக்கு இவ்வளவு என்று அறிவிக்கட்டும். மேடையில் நிறுத்திக் கைநீட்டச் செய்யாமல், மாதந்தோறும் தவறாது மாணாக்கரிடம் சேர்ப்பிக்கட்டும்.

பிள்ளையின் கூலியை எண்ணும் தாயைக் குறை கூறுவது எளிது. அவள் எண்ணாமல் இருக்கும் நிலையை உண்டாக்குவதே கல்விக்குச் செய்யும் தொண்டாகும்.