சிறு சங்கங்களின் பொது வலிமை

வெள்ளி விழாக் காணும் நம் சங்கத்தின் இளைஞர்கள் அறிய வேண்டிய வரலாறு ஒன்று தென் அமெரிக்க நாடான உருகுவேயில் உண்டு.

1966ஆம் ஆண்டில் அந்நாட்டின் மூன்று ஊர்களில் எளிய குடும்பங்கள் கூட்டுறவுச் சங்கம் அமைத்துத் தம் கைகளாலேயே வீடு கட்டத் தொடங்கின. 1968ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டம் அம்முறைக்கு ஏற்பளித்து, அரசுக் கடனுக்கும் வழி செய்தது. குடும்பத்திற்கு வாரம் 21 மணி நேர உழைப்பு என்பது வழக்கமாயிற்று. வீட்டின் உடைமை சங்கத்திற்கு; வாழும் உரிமை குடும்பத்திற்கு.

ஆயினும் சிறு சங்கம் ஒவ்வொன்றும் கட்டடக் கலைஞரையும் வழக்கறிஞரையும் கணக்கரையும் தனியே அமர்த்த இயலுமா? இயலாது. எனவே இவர்களைக் கொண்ட உதவி நிறுவனங்கள் பல சங்கங்களுக்கும் பணிபுரிந்தன. 1970இல் சங்கங்கள் கூடி 'ஃபுக்வாம்' என்னும் கூட்டமைப்பை நிறுவின. அடுத்தடுத்து வீடு கட்டிய சங்கங்கள் நூலகத்தையும் மழலையர் பள்ளியையும் பொதுவில் நடத்தின. எச்சங்கமும் தன் பெயரையோ தன் முடிவுரிமையையோ இழக்கவில்லை.

1973இல் கொடுங்கோல் ஆட்சி வந்தது. கூட்டுடைமையைத் தனியுடைமையாக்க 1983இல் அது சட்டம் இயற்றியது. தனித்து நின்றிருந்தால் சங்கங்கள் ஒவ்வொன்றாய்ச் சிதைந்திருக்கும். 1984 பிப்ரவரி 26 அன்று, ஒரே நாளில், மூன்று இலட்சத்திற்கும் மேற்பட்ட கையொப்பங்களைக் கூட்டமைப்பு திரட்டியது. கூட்டுடைமை நிலைத்தது.

நம் ஊர்ச் சங்கங்களும் கணக்கெழுதவும் மனு வரையவும் வழக்காடவும் தனித்தனியே அல்லற்படுகின்றன. சிறியதாய் இருப்பது குறையன்று. துணையின்றி இருப்பதே குறை. அத்துணையை நாமே ஒருவர்க்கொருவர் அமைத்துக்கொள்வோமாக.