வெடிப்பா, தெறிப்பா?

விண்வெளியிலிருந்து வரும் 'காமா ரே பர்ஸ்ட்' என்பதைக் 'காமாக் கதிர் வெடிப்பு' என்று எழுதிப் பழகிவிட்டோம். 'காமா' 1903இல் ரூதர்ஃபோர்டு இட்ட பெயர், அதில் வழக்கில்லை. சிக்கல் 'வெடிப்பு' என்பதில்தான். அணுகுண்டுச் சோதனைகளைக் கண்காணிக்க அமெரிக்கா ஏவிய வேலா செயற்கைக்கோள்கள் 1967 ஜூலை 2 அன்று கண்டது, உணர்கருவியின் காமாக் கதிர் எண்ணிக்கை சட்டென எகிறிச் சில நொடிகளில் தணிந்ததை மட்டுமே. 1973இல் செய்தி வெளியானபோதும் காரணம் தெரியாது. ஆக, 'பர்ஸ்ட்' என்ற ஆங்கிலப் பெயர் சொன்னது தோற்றத்தை, காரணத்தை அன்று.

நம் 'வெடிப்பு' காரணத்தையே சொல்லிவிடுகிறது. போதாததற்கு, வறண்ட வயலின் பிளவுக்கும் குதிகாலின் பிளவுக்கும் அதுவே பெயர். 'தெறிப்பு' என்றால் திடீரெனச் சிதறிப் பாய்வது மட்டுமே நிற்கும். காரணம் வெடிப்புதான் என்று பின்னர் தெரிந்துவிட்டதே என்பார்கள். நீண்ட தெறிப்புகள் பலவற்றுக்குப் பெருவிண்மீனின் சாவு காரணம், உண்மை. ஆனால் 2017 ஆகஸ்ட் 17 அன்று ஃபெர்மி விண்கலம் பதிந்த இரண்டு நொடித் தெறிப்பு, இரு நியூட்ரான் விண்மீன்கள் மோதி இணைந்ததால் வந்தது. சூரியனின் எக்ஸ் கதிர்த் தெறிப்போ காந்தப்புலக் கோடுகள் அறுந்து மறுபடி இணைவதால் வருவது. மூன்றுக்கும் பொதுவானது கருவியில் தெரியும் திடீர்த் துள்ளல்தான். 'வெடிப்பு' என்ற சொல்லைச் சூப்பர்நோவாவுக்கு விட்டுவிடலாம்.