குடை கொடுத்த கப்பல்



வரலாறு என்றவுடன் முடிமன்னரும் போர்க்களமுமே உங்கள் நினைவுக்கு வரும். பல்லாண்டுகள் வகுப்பறையில் நின்ற நானும் பெரும்பாலும் அவற்றையே கரும்பலகையில் எழுதி வந்தேன். நமது குளச்சலில் 1741-ஆம் ஆண்டு திருவிதாங்கூர்ப் படை டச்சுக்காரரை வென்ற செய்தியை ஆண்டுதோறும் கற்பித்தேன். ஆயினும், ஒரு கப்பற் சீட்டின் விலையிலும் ஒரு நாட்டின் வரலாறு அடங்கியிருக்கக் கூடும் என்பதை ஓய்வு பெற்ற பின்னரே நன்கு உணர்ந்தேன். அதனை எனக்கு உணர்த்தியவன் என்னிடம் படித்த மாணவன் ஒருவன்.

சென்ற ஐப்பசி மாதத்தில், மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில், அவன் என்னைக் காண வந்தான். அவனுடைய பாட்டனார் கல்குளம் வட்டாரத்தில் வர்ம ஆசானாக விளங்கியவர். சுளுக்கும் எலும்பு முறிவும் கண்டவர்கள் அவருடைய வீட்டுத் திண்ணையில் காத்திருப்பதை நானே கண்டிருக்கிறேன். எண்ணெய் தேய்த்து உடம்பைப் பிடித்துவிடும் முறையைச் சித்த மருத்துவர் ‘தொக்கணம்’ என்பர். அம்முறையைப் பாட்டனாரிடம் கற்றுக்கொண்ட பேரன், பின்னர் முறையான பயிற்சியும் பெற்று, இப்போது அயல்நாட்டு உல்லாசக் கப்பல் ஒன்றில் பணி புரிகிறான். அக்கப்பலின் மேல்தளத்தில் ‘ஸ்பா’ என்று ஒரு பகுதி இருக்கிறது. நீராவிக் குளியல், எண்ணெய்ப் பிடிப்பு, முகப்பூச்சு முதலியன அங்கே நடைபெறுகின்றன. பாட்டனார் திண்ணையில் செய்ததைப் பேரன் நடுக்கடலில் செய்கிறான்.

என் தம்பி குடும்பத்தார் கடற்பயணம் ஒன்று செல்ல எண்ணியிருந்த காலம் அது. நம் நாட்டவர்க்கும் இத்தகைய பயணம் இப்போது அரிதன்று. சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்படும் உல்லாசக் கப்பற் பயணத்தை 2022-ஆம் ஆண்டு ஜூன் 4-ஆம் நாள் தமிழக முதலமைச்சர் தொடங்கி வைத்தார். எனவே, “கப்பலில் எல்லாம் விலை மிகுதி என்கிறார்களே, சிக்கனமாகச் செல்ல வழி உண்டா?” என்று அவனைக் கேட்டேன்.

அவன் ஒவ்வொன்றாகச் சொன்னான்: “சார், ஸ்பாவுக்குப் புறப்படுவதற்கு முன்பே நிறுவனத்தின் வழியாக நேரம் குறித்துக்கொள்ளலாம். இல்லையென்றால் கப்பலில் ஏறிய முதல் நாளே வந்து கேட்க வேண்டும். அன்றைக்குச் சுற்றிக் காட்டுவார்கள், சலுகையும் சொல்வார்கள். கப்பல் கடலில் ஓடும் நாட்களில் விலை கூடுதல். துறைமுகத்தில் நிற்கும் நாளில் குறைவு. விலைப்பட்டியலில் உள்ள தொகையோடு சேவைக் கட்டணம் என்று நூற்றுக்குப் பதினைந்து முதல் இருபது வரை சேர்ப்பார்கள். அதையும் கூட்டிக் கேட்டுவிட வேண்டும். குறித்த நேரத்தைக் கடைசி நாளில் மாற்றினால் பணம் போய்விடும். பிடித்துவிட்ட பிறகு எண்ணெயும் களிம்பும் வாங்கச் சொல்வார்கள். வேண்டாம் என்று சொன்னால் யாரும் ஒன்றும் நினைக்கமாட்டார்கள்.”

துறைமுகத்தில் நிற்கும் நாளில் மட்டும் விலை ஏன் குறைகிறது? இதனை விளங்கிக்கொள்ள நாம் கடலுக்குப் போக வேண்டியதில்லை. தோவாளைப் பூச்சந்தைக்குப் போனாற் போதும். விடியற்காலையில் மல்லிகைக்கும் பிச்சிக்கும் இருக்கும் விலை வெயில் ஏறிய பிறகு இருப்பதில்லை. வாடிய பூவை நாளை விற்க முடியாது என்பதை வியாபாரி அறிவார். கப்பலில் காலியாக உள்ள அறையும் அத்தகையதே. நங்கூரம் எடுத்த பின்னர் அந்த அறையை எவருக்கும் விற்க இயலாது. துறைமுகத்தில் பயணிகள் ஊர் பார்க்க இறங்கிவிட்டால், ஸ்பாவின் படுக்கைகள் ஆளின்றிக் கிடக்கும். கடந்துபோன அந்த ஒரு மணி நேரம் மீண்டும் வாராது. ஆகவே பாதி விலைக்கேனும் ஒருவர் வருவது நிறுவனத்திற்கு ஆதாயம். மலிவாகப் பெறுவது பயணிக்கும் ஆதாயம்.

உல்லாசக் கப்பல் என்னும் ஏற்பாடே இந்தக் காலி இடத்திலிருந்துதான் வளர்ந்தது. ஜெர்மனியிலுள்ள ஹாம்பர்க் நகரத்து நிறுவனம் ஒன்றை நடத்திய ஆல்பர்ட் பாலின் என்பவர், தம் பெருங்கப்பல்கள் குளிர்காலத்தில் ஆளின்றி நிற்பதைக் கண்டார். அட்லாண்டிக் கடலின் கடுங்குளிரில் பயணம் செய்ய யார் விரும்புவர்? எனவே 1891-ஆம் ஆண்டு ஜனவரியில் ‘அகஸ்டா விக்டோரியா’ என்னும் கப்பலை மத்தியதரைக் கடலுக்கு இன்பச் சுற்றுலாவாக அனுப்பினார். 241 பயணிகள் அதில் சென்றனர். நிற்க இருந்த கப்பல் ஓடியது. ஓடியதால் பொருள் ஈட்டியது.

அதற்கும் முன்னரே இலவசச் சீட்டின் பயனை ஆங்கில நிறுவனம் ஒன்று அறிந்திருந்தது. பி அண்ட் ஓ கம்பெனி 1844-ஆம் ஆண்டு தாக்கரே என்னும் நாவலாசிரியருக்குக் கட்டணம் இல்லாமல் மத்தியதரைக் கடற்பயணம் அளித்தது. அவர் திரும்பி வந்து அப்பயணத்தைப் பற்றி ஒரு நூல் எழுதினார். நூல் பரவியது, கம்பெனியின் பெயரும் பரவியது. இலவசமாகக் கொடுத்தது வீண் போகவில்லை.

கப்பலில் நீராவிக் குளியலும் இன்று நேற்று வந்ததன்று. 1912-ஆம் ஆண்டு மூழ்கிய ‘டைட்டானிக்’ கப்பலில் துருக்கிக் குளியல் என்னும் வெப்ப அறைகள் இருந்தன. முதல் வகுப்பினர் மட்டுமே அங்குச் செல்லலாம். காலையில் மகளிர்க்கும் பிற்பகலில் ஆடவர்க்கும் நேரம் வகுத்திருந்தனர். பெருந்தொகை கொடுத்து முதல் வகுப்பில் ஏறியவரும் அதற்கெனத் தனியே நான்கு ஷில்லிங் செலுத்திச் சீட்டுப் பெற வேண்டும். அதே கப்பலில் எழுநூற்றுவர்க்கும் மேற்பட்ட மூன்றாம் வகுப்பினர்க்கு இருந்த குளியல் தொட்டிகளோ இரண்டே.

அன்று தனிச்சீட்டாகத் தொடங்கியது இன்று பெருவணிகம். பயணக் கட்டணத்தைக் குறைத்துப் பயணிகளை ஏற்றிக்கொண்டு, மதுவகை, ஸ்பா, கரையில் ஊர் சுற்றிக் காட்டுதல் ஆகியவற்றில் ஈடு செய்கின்றனர். பெரிய நிறுவனங்களின் வருவாயில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இவ்வாறு கப்பலுக்குள்ளே செலவிடப்படும் பணம்.

இவற்றையெல்லாம் நாங்கள் பேசி முடித்தபோது மழை விடவில்லை. விடைபெற எழுந்த மாணவனிடம் என் குடையை நீட்டினேன். “கப்பற்காரனுக்குக் குடை கொடுக்கிறீர்களே சார்! கப்பற்காரர்கள்தான் ஒரு காலத்தில் குடை கொடுத்தார்கள் என்று நீங்கள் ஒன்பதாம் வகுப்பில் சொன்னீர்களே” என்று சிரித்தான். நான் மறந்துவிட்ட ஒரு பாடத்தை அவன் நினைவில் வைத்திருந்தான். நமக்கு மிக அருகில், தூத்துக்குடியில் நிகழ்ந்த அந்தக் கதையை இனிச் சொல்கிறேன்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி கப்பல் நடத்தி வந்தது. வணிகரும் கூலித் தொழிலாளரும் அதனை நம்பியே இலங்கை சென்றனர். இந்த நிலையை மாற்ற எண்ணியவர், ஒட்டப்பிடாரத்தில் 1872-ஆம் ஆண்டு பிறந்து தூத்துக்குடியில் வழக்கறிஞராகத் திகழ்ந்த வ. உ. சிதம்பரம் பிள்ளை. 1906-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் நாள் சுதேசி நாவிகேஷன் கம்பெனி பதிவு செய்யப்பட்டது. மூலதனம் பத்து இலட்சம் ரூபாய், பங்கு ஒன்று 25 ரூபாய், பங்குகள் 40,000. மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர் தலைவராக இருந்தார். ஹாஜி முகமது பக்கீர் சேட் என்னும் வணிகர் 8,000 பங்குகளை, அதாவது இரண்டு இலட்சம் ரூபாய்க்கு, வாங்கினார். கப்பல் ஓட்டவும் கட்டவும் நம்மவர்க்குப் பயிற்சி அளிப்பதும் கம்பெனியின் நோக்கங்களுள் ஒன்று.

முதலில் ஷா லைன் என்னும் நிறுவனத்தின் கப்பல்களை வாடகைக்குப் பெற்றனர். எதிர்க் கம்பெனியின் நெருக்குதலால் அக்கப்பல்கள் கிடைக்காமற் போயின. சொந்தக் கப்பல் இன்றித் தொழில் நிலைக்காது எனக் கண்ட வ. உ. சி. பம்பாய் சென்றார். கப்பலோடு திரும்புவேன், இல்லையேல் கடலில் மாய்வேன் என்று அவர் உறுதி பூண்டு சென்றதாகக் கூறுவர். 1907-ஆம் ஆண்டு ‘காலியா’, ‘லாவோ’ என்னும் இரு கப்பல்கள் தூத்துக்குடிக்கு வந்தன. ஒவ்வொன்றும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகளை ஏற்ற வல்லது.

அப்போது தொடங்கியது கட்டணப் போர். ஆங்கிலக் கம்பெனி தன் கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணா என்று அறிவித்தது. உடனே ஆங்கிலக் கம்பெனி, கட்டணமே வேண்டாம் என்றது; அதனோடு நில்லாமல், ஏறும் பயணிக்கு ஒரு குடையும் இலவசம் என்றது. இச்செய்தி வரலாற்று நூல்களிலும் இடம் பெற்றிருக்கிறது. கூலி வேலைக்குச் செல்லும் ஓர் ஏழை, இலவசப் பயணத்தையும் குடையையும் வேண்டாம் என்று சொல்வது எளிதா? எளிதன்று. காலியாவும் லாவோவும் பல வேளைகளில் பயணிகள் இன்றி ஓடின.

இங்கே நீங்கள் ஒன்றைக் கருத வேண்டும். தோவாளைச் சந்தையில் விலை குறைவது பூ வாடுவதால். தூத்துக்குடியில் விலை குறைந்தது அதனால் அன்று. இடம் வீணாகாமல் இருக்கத் தரும் சலுகை வேறு. எதிரே நிற்பவனை வீழ்த்தத் தரும் சலுகை வேறு. நூறு கப்பல் உடையவனுக்கு ஒரு வழித்தடத்தில் வரும் நட்டம் பொறுக்கத்தக்கது. இரண்டே கப்பல் உடையவனுக்கு அந்த நட்டம் உயிர் போவதாகும். வாங்குகிறவன் கைக்கு இரண்டு சலுகையும் ஒன்று போலவே தோன்றும்.

ஆட்சியாளரும் சும்மா இருக்கவில்லை. 1908-ஆம் ஆண்டு மார்ச் 12-ஆம் நாள் வ. உ. சி. கைது செய்யப்பட்டார். அரச நிந்தனைக் குற்றம் சாட்டி, அதே ஆண்டு ஜூலையில் அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தனர். மேல்முறையீட்டில் அது குறைக்கப்பட்டது. தலைவர் சிறையில் இருக்க, 1911-ஆம் ஆண்டு கம்பெனி கலைக்கப்பட்டது. 1912-ஆம் ஆண்டின் இறுதியில் அவர் விடுதலை பெற்று வெளியே வந்தபோது, அவருடைய கப்பல்கள் கடலில் இல்லை. அந்தத் தோல்விக்குக் குடை ஒன்றே காரணம் என்று நான் கூறேன். அடக்குமுறையும் பண முடையும் பெரும் காரணங்கள். ஆயினும் குடைக்கும் அதில் பங்கு உண்டு.

சலுகையைச் சங்கிலியாகப் பயன்படுத்தியதும் உண்டு. இந்தியச் சரக்கை ஏற்றிய ஐரோப்பிய நிறுவனங்கள் 1875-ஆம் ஆண்டில் கல்கத்தா மாநாடு என்னும் கூட்டமைப்பை ஏற்படுத்தின. எங்கள் கப்பல்களிலேயே தொடர்ந்து சரக்கு அனுப்பினால் கட்டணத்தில் ஒரு பகுதியைப் பின்னர்த் திருப்பித் தருவோம் என்றன. இடையில் வேறு கப்பலை நாடினால் அத்தொகை கிடையாது. கழிவு தருவது போலத் தந்து வணிகரைக் கட்டி வைத்தனர். இத்தகைய தடைகளுக்கு இடையிலேதான் 1919-ஆம் ஆண்டு ஏப்ரல் 5-ஆம் நாள், சிந்தியா கம்பெனியின் ‘லாயல்டி’ என்னும் இந்தியக் கப்பல் பம்பாயிலிருந்து இலண்டனுக்குப் புறப்பட்டது. அந்நாளையே நாம் தேசியக் கடல்சார் தினமாகக் கொண்டாடுகிறோம்.

குடையைப் பெற்றுக்கொண்டு வாசலில் நின்ற மாணவனிடம் ஒன்று கேட்டேன்: “துறைமுக நாளில் விலை குறைந்தால் உன் வருவாய் என்ன ஆகும்?” அவன் சற்றுத் தயங்கினான். “எனக்குக் கிடைப்பது விலையில் ஒரு பங்குதானே சார். விலை குறைந்தால் அதுவும் குறையும். அன்றைக்கு வேலை இருப்பதால் நான் இறங்கவும் முடியாது. சென்ற பயணத்தில் ஆறு துறைமுகம் தொட்டோம், நான் மிதித்தது இரண்டு” என்றான். குறைப்பட்டுக்கொண்டு அவன் அதைச் சொல்லவில்லை. கணக்குச் சொல்வது போலச் சொன்னான்.

என் தம்பி குடும்பத்தார் அப்பயணம் சென்று வந்தனர். துறைமுக நாளிலேயே எண்ணெய்ப் பிடிப்புக்கு நேரம் குறித்தனர். சேவைக் கட்டணத்தையும் சேர்த்துக் கேட்டுக்கொண்டனர். மிஞ்சிய தொகையில் ஒரு பகுதியைப் பிடித்துவிட்டவர் கையிலேயே கொடுத்துவிடும்படி நான் சொல்லியிருந்தேன்; அவ்வாறே செய்தனர்.

மாணவ மாணவியரே, சலுகை கண்டால் விலகி ஓடுங்கள் என்று நான் கூறவில்லை. சிக்கனம் நல்ல குணம். நானும் கடையில் விலை பேசுகிறவனே. ஆனால் விலை குறைந்த பொருளைக் கையில் எடுக்கும்போது, இந்தக் குறைவை யார் தாங்குகிறார் என்று ஒரு முறை கேளுங்கள். வீணாக இருந்த இடம் பயன்படுகிறதா, உழைப்பவர் கூலி குறைகிறதா, நம்மவர் ஒருவர் தொழில் அழிகிறதா என்று எண்ணிப் பாருங்கள். 1907-ஆம் ஆண்டு தூத்துக்குடித் துறையில் குடை வாங்கியவர்களுக்கு அதை எடுத்துச் சொல்ல யாரும் இருந்தார்களோ, இல்லையோ! உங்களுக்கு வரலாறு இருக்கிறது.

என் குடை மட்டும் இன்னும் திரும்பி வரவில்லை. அடுத்த விடுமுறைக்கு வரும்போது கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறான்.