மீட்டரை மறுக்கும் உரிமை

ஒரு வீட்டார் எப்போது எழுகிறார்கள், எப்போது சமைக்கிறார்கள், எத்தனை நாள் வீடு பூட்டிக் கிடக்கிறது என்பதையெல்லாம் மின்மீட்டரின் கணக்கே சொல்லிவிடும். மொத்த மின்னோட்டத்தின் ஏற்ற இறக்கத்தைக் கொண்டே எந்தச் சாதனம் ஓடுகிறது என்று கண்டுபிடிக்கும் முறையை 1980களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் உருவாக்கியவர் ஜார்ஜ் ஹார்ட். அது வேவு பார்க்கவும் உதவும் என்று 1989இல் அவரே எழுதி எச்சரித்தார். அந்த எச்சரிக்கையின் கனம் இருபது ஆண்டு கழித்து நெதர்லாந்தில் புலப்பட்டது.

எல்லா வீடுகளிலும் ஸ்மார்ட் மீட்டரைக் கட்டாயமாக்க அந்நாட்டு அரசு சட்டம் கொண்டுவந்தது. மின்சாரத்துக்கு 15 நிமிடத்துக்கு ஒரு முறை, எரிவாயுவுக்கு மணிக்கு ஒரு முறை ரீடிங் போகும். மறுப்பவருக்கு 17,000 யூரோ வரை அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை. 2008இல் கீழவை இதை ஏற்றது. நுகர்வோர் சங்கமான கான்சுமென்டென்பான்ட், டில்பர்க் பல்கலைக்கழகத்திடம் ஆய்வு கேட்டது. தனிவாழ்வைக் காக்கும் ஐரோப்பிய மனித உரிமை ஒப்பந்தத்தின் 8ஆவது பிரிவோடு இச்சட்டம் ஒத்துப்போகாது என்பது ஆய்வின் முடிவு. 2009 ஏப்ரலில் மேலவை சட்டத்தை ஏற்க மறுத்தது. 2011இல் நிறைவேறிய திருத்தம், மீட்டரே வேண்டாம் என்று மறுக்க இடம் தந்தது. பொருத்திக்கொண்டு, தொலைவிலிருந்து ரீடிங் எடுப்பதை மட்டும் தடுக்கவும் வழி செய்தது.

மறுக்க இடம் கொடுத்தால் எல்லோரும் மறுப்பார்கள், திட்டம் குலையும் என்பது முதல் ஆட்சேபம். 2015 முதல் நாடெங்கும் மீட்டர் பொருத்தப்பட்டபோது மிகப் பெரும்பாலான வீடுகள் ஏற்றுக்கொண்டன. மின்வலையை நடத்த நுணுக்கமான கணக்கு தேவை என்பது இரண்டாவது. ஆனால் டிரான்ஸ்பார்மரைக் காக்கத் தெருவின் மொத்தச் சுமை தெரிந்தால் போதும். எந்த வீட்டில் எப்போது விளக்கணைந்தது என்பது வேண்டியதில்லை. படிக்காமலே கையெழுத்திடும் மக்களுக்குச் சம்மதம் வெறும் சடங்கு என்பது மூன்றாவது. இதில் உண்மை இருக்கிறது. அதனால்தான், வீட்டார் எதுவும் சொல்லாதபோது என்ன நடக்கும் என்பது முக்கியமாகிறது. அந்தத் திருத்தத்தின்படி, ஆண்டுக் கணக்கு, வீடு மாறுதல் போன்றவற்றுக்கான ரீடிங் தானே போனது. தினசரிக் கணக்கோ கால்மணிக் கணக்கோ வெளியே போக வீட்டார் ஒப்புக்கொண்டாக வேண்டியிருந்தது. மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்ற பழமொழியை இந்த விதி ஏற்கவில்லை.

நெதர்லாந்து மீட்டரில் பி1 என்றொரு துளை உண்டு. கருவியை அதில் இணைத்து, யாருக்கும் அனுப்பாமலே தம் வீட்டுக் கணக்கை வீட்டார் பார்க்கலாம். இணையத்தோடு இணைந்த சாதனம் திரட்டும் தரவைப் பயனர் பெறவும், தாம் விரும்பியவருக்குத் தரச் சொல்லவும் உரிமை தரும் ஐரோப்பியத் தரவுச் சட்டம் 2025 செப்டம்பர் 12 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. வீட்டுக் கணக்கு முதலில் வீட்டாருக்கே உரியது. அதை அரசு ஒப்புக்கொண்ட பிறகுதான் நெதர்லாந்து மக்கள் அந்த மீட்டரை வீட்டுக்குள் அனுமதித்தார்கள்.